எனக்கு நினைவில்லாத இருபது நிமிடங்கள்

என் ஆட்டத்தில் ஆட்கள் அதிகம் புகழ்வது ஒரு இருபது நிமிடத்தைத்தான். அந்த இருபது நிமிடமும் எனக்கு நினைவில் இல்லை. அதைப் புகழாதீர்கள் என்று சொன்னால் அடக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இருப்பது ஆத்திரம்.

நான் வட இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரக் கழகத்தில் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ரக்பி லீக் ஆடியவன். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், நான் முன்வரிசைக்காரன். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிராளிகளின் நடுவில் போய் மோத வேண்டும். அவர்கள் ஓடி வந்தால் இடுப்பில் தோளைக் கொடுத்து விழுத்த வேண்டும். பிறகு எழும்பி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். வேகமாக ஓடுகிறவர்களின் படம் பத்திரிகையில் வரும். எங்களுக்கு மோதி மோதிக் காது தடித்துக்கொண்டு போகும்.

மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கத்துப் பள்ளியில் படித்த காலத்தில் என் உடம்பு வகுப்பு மேசைக்குள் அடங்காது. அதனால்தான் ரக்பிக்கு இழுத்தார்கள். கோடைப் போட்டி ஒன்றில் என்னைப் பார்த்த இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஒருவர் அழைத்தார். இருபத்தொரு வயதில் புறப்பட்டேன். "விளையாட்டும் ஒரு வேலையோ?" என்றார் அப்பா. அக்காதான் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனாள்.

எட்டாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே பிற்பகல், மொன்றியலில் காலை. அக்கா வழமைபோல இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாதியில், ஒருவனை விழுத்தக் குனிந்த என் தலை அவனுடைய முழங்காலில் அடித்தது. இனிமேல் சொல்லப்போவது அக்கா சொல்லியும், பதிவைப் பார்த்தும் நான் தெரிந்துகொண்டவை.

கழகத்தின் மருத்துவ உதவியாளர் ஓடி வந்து குனிந்தார். இது எந்த மைதானம், போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "அக்கா, பஸ் போயிட்டுதோ?"

மைதான ஓரத்து ஒலிவாங்கியில் அது தெளிவாகவே விழுந்திருக்கிறது. உதவியாளர் திரும்பிப் பயிற்சியாளரைப் பார்த்தார். "பகிடி விடுகிறான், எழுப்பி அனுப்பு" என்று கோட்டுக்கு வெளியே இருந்து பயிற்சியாளர் கத்தினார். வர்ணனையாளர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுச் சிரித்தார். என்னைத் தூக்கி நிறுத்தித் திரும்ப ஆட விட்டார்கள்.

அக்கா உடனே கழகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். "அவனுக்குத் தான் எங்கை நிக்கிறன் எண்டே தெரியேல்லை, வெளியிலை எடுங்கோ எண்டு கெஞ்சினன்," என்று பிறகு என்னிடம் சொன்னாள். "ஆள் நல்லா ஆடுறார் அம்மா எண்டு போனை வைச்சுப்போட்டினம்."

நன்றாகத்தான் ஆடியிருக்கிறேன். என் உடம்பு எட்டு வருடம் பழகியதை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது. அவனுடைய வாழ்க்கையின் சிறந்த இருபது நிமிடம் என்று பயிற்சியாளர் பத்திரிகைக்குச் சொன்னார். அந்த நேரம் நான் குளியலறையில் சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தேனாம். எனக்கு அடுத்த நினைவு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டில்.

அதற்குப் பின் ஒரு வருடம் தாக்குப்பிடித்தேன். வெளிச்சம் பட்டால் தலை பிளந்தது. பழகிய ஆட்ட முறைகள் நடுவில் மறந்தன. மைதானத்தில் அசந்து நின்றேன். கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. புறப்படும்போது என் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே எழுதியிருந்தது: "தெளிவாகப் பதில் சொன்னார். தானாகவே திரும்ப ஆட விரும்பினார்."

தெளிவாகவாம். அங்கே நின்ற ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று எழுத ஒரு கை வரவில்லை. என்னுடைய விருப்பத்தை மட்டும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள்.

மொன்றியலுக்குத் திரும்பியதும், நோத்ர-டாம்-த-கிரேஸில் அக்காவின் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து அந்தக் கழகத்துக்குக் கடிதம் எழுதினோம். நான் சொல்ல, அவள் கணினியில் அடித்தாள். திரையைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். பதிவையும், நான் சொன்னதன் உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு திருத்திய குறிப்பு வந்தது: "பதில்கள் புரிந்துகொள்ளப்படவில்லை." செய்தது பிழை என்று ஓரிடத்திலும் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் இங்குள்ள தமிழ் விளையாட்டுக் கழகம் ஒன்று என்னைக் கௌரவிக்கக் கூப்பிட்டது. மத்தியான விழா. பொன்னாடை போர்த்திவிட்டுத் திரையில் படம் போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை.

"பாருங்கோ, விழுந்தும் எழும்பி ஆடினவன் எங்கட பிள்ளை," என்றார் அறிவிப்பாளர். சபை கைதட்டியது. அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். நான் போய் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"படத்தை நிப்பாட்டுங்கோ. அதிலை நான் எழும்பேல்லை, எழுப்பி விட்டவை. சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கோ, நான் என்ன சொல்லுறன் எண்டு உங்களுக்காவது விளங்கும்."

கூட்டிப் போட்டார்கள். பஸ்ஸைப் பற்றி நான் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. வர்ணனையாளரின் சிரிப்பும் கேட்டது. பிறகு யாரோ திரையை அணைத்தார்கள்.

வாசலில் தமிழ்க் கழகத்தின் தலைவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, பெருமையிலைதானே போட்டனாங்கள். பேந்து தனியச் சொல்லியிருக்கலாம்."

"தனியத்தான் அண்ணை அஞ்சு கடிதம் எழுதினனான்," என்றேன்.

அவர் கையை விடவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அக்கா என் கோட்டைக் கொண்டுவந்து தந்தாள். இருவரும் மெட்ரோவுக்கு நடந்தோம். ஸ்டேஷன் வரும்வரை அவளும் நானும் மாறி மாறி அவர்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டே போனோம்.