கிளி இருக்க வேண்டிய கை

இன்று காலை, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து சிவந்ததும் எழுந்த வாடை என்னை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் பத்து வயதுக்குக் கூட்டிப்போய்விட்டது.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் அது. தேர் பார்க்க வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கான காகித உறை செய்கிற வேலையை நான் அடம்பிடித்து வாங்கியிருந்தேன். பழைய நோட்டுத் தாள்களைச் சோற்றால் ஒட்டினேன். பாதி உருளைக்கிழங்கில், படத்தைப் பார்த்து அப்படியே ஆண்டாளைச் செதுக்கினேன். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பில் தொட்டுத் தொட்டு எல்லா உறையிலும் குத்திவிட்டேன்.

அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

“ஏட்டி, ஆண்டாளுக்குக் கிளி இடது கையிலல்லா இருக்கும்? வலது கைக்கு மாத்திட்டியே! அது கோவிச்சுக்கிட்டு பறந்துரப் போவுது.”

செதுக்கியது அச்சில் பக்கம் மாறி விழும் என்று எனக்குத் தெரியாது.

“விடு, தாயார் ஒண்ணும் நினைக்க மாட்டா” என்றாள் அம்மா.

“நாளைக்குத் தேர்ல வருவாளே. எப்படிம்மா அவ முகத்தைப் பாப்பேன்?”

அம்மா பொரியலுக்கு வைத்திருந்த கிழங்கில் ஒன்றை என்னிடம் நீட்டினாள். “இருட்டுறதுக்குள்ள முடி.”

படத்தைக் கண்ணாடிக்குக் காட்டி, கண்ணாடியில் தெரிந்ததைச் செதுக்கினேன். உறைகளைப் பிரித்து, உட்புறம் வெளியே வர ஒட்டி, மறுபடி குத்தினேன். விளக்கேற்றும்போது கடைசி உறையும் முடிந்தது.

இத்தனை வருஷம் கழித்து, இன்றைக்கும் தேருக்கு முந்தின நாள்தான். கிழங்கும் படமுமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன்.

“ஏம்மா, கிழங்குக்குப் பவுடர் போடப் போறியா? உறை கடையிலயே கிடைக்குதே” என்றாள் என் மகள்.

“நாளைக்கு அவ முகத்தைப் பாக்கணும்லா” என்று கத்தியை எடுத்தேன்.