கிரெய்க்டோரன் பிரபுவின் நான்கு நிலங்கள்

2006, ஆகஸ்ட். காலை 6.10க்குப் புதுச்சேரியில் பேருந்து ஏறி, கடலூரில் மாறினேன். அங்கிருந்து நெய்வேலி வழியாக விருத்தாசலம் அறுபது கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் முடித்து, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். நான் தனியாகக் கையெழுத்திட வேண்டிய முதல் சரக்கு இது.

ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைச் சுவருக்குப் பன்னிரண்டு டைல்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த கிரெய்க்டோரன் பிரபு, அவர் மனைவி, நான்கு மகன்கள், இரண்டு மகள்கள், நான்கு நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டைல், யாருக்கு எந்த நிலம் என்று காட்ட இடையே கோடுகள்.

10.05. செராமிக் தொழிற்பேட்டை. பட்டறை உரிமையாளர் ராஜவேல் டைல்களை மேசையில் பரப்பியிருந்தார். வண்ணம் தீட்டியவர் கஸ்தூரி அக்கா. பொதுச் சூளையில் மூன்று மணிக்கு அவர்கள் முறை. தவறினால் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். சரக்குக் கப்பல் போய்விடும். சூளைக்குள் போகும்வரை வண்ணத்தைத் துணியால் துடைத்துவிடலாம். எண்ணூறு டிகிரி கண்டபின் டைலை உடைத்தால்தான் உண்டு.

பட்டியலில் குறியிட்டுக்கொண்டே வந்தேன். எழுத்து, சரி. நிறம், சரி. மகள்கள், சரி. மகன்களிடம் நின்றுவிட்டேன். வாடிக்கையாளர் அனுப்பிய தாளில் நான்கு நிலங்களின் கோடுகளும் மூத்த மகனிடமே சேர்ந்தன. டைல்களில் மூத்தவனுக்குக் கோட்டை, அடுத்தவனுக்குப் பார்லி வயல், மூன்றாமவனுக்கு ஆட்டு மலை, கடைசியவனுக்கு மீன்பிடிக் கரை.

“அக்கா, கோடு மாறியிருக்கே.”

“மாறல பாப்பா. நாந்தான் சரி பண்ணன். நாலு புள்ள, நாலு நெலம், ஆளுக்கொண்ணு. படம் போட்டவன் அவசரத்துல எல்லாத்தயும் பெரியவன் தலயில கட்டிட்டான்.”

ராஜவேல் ஆமோதித்தார். “திட்டக்குடி பக்கம் மங்களூர்ல எங்கப்பா வுட்டுட்டுப் போன ஒன்றர ஏக்கர மூணா பிரிச்சோம் மேடம். கெணத்துக்குக்கூட மொற வச்சிருக்கோம். ஒருத்தனுக்கே எழுதுனா மத்தவன் வுடுவானா?”

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தாளில் பிழையா, டைலில் பிழையா? அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். ஸ்காட்லாந்தில் அப்போதுதான் விடிகிறதாம். நம் நேரம் ஒன்றரைக்குப் பிறகே கேட்க முடியும் என்றார்கள். அதுவரை இரண்டு முறை தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

1.50. பதில் வந்தது. தாள்தான் சரி. அந்தக் குடும்பத்தில் நிலம் பிரியாது, எல்லாம் மூத்தவனுக்கு. பிறகு அவனைச் சொந்தப் பெயரால்கூட அழைக்கமாட்டார்கள், நிலத்தின் பெயர்தான்.

“அப்ப மத்த மூணு பேரு?”

“பட்டாளம், சர்ச்சுன்னு போயிடுவாங்களாம்க்கா.”

“நல்லா இருக்குது ஞாயம். கூடப் பொறந்தவன் சோத்துல மண்ணப் போட்டுட்டு இவுரு கோட்டையில குந்திக்குவாரு.” கஸ்தூரி அக்கா துணியை டர்பன்டைனில் நனைத்து மூன்று கோடுகளையும் துடைத்தார். அந்த மூன்றையும் மூத்தவனிடமே இழுத்து, மின்விசிறியடியில் காயவைத்தார். நான் கையெழுத்திட்டேன்.

3.00. சூளைக்காரர் டைல்களை எண்ணிப் பார்த்து நிறுத்தினார்.

“புள்ளைங்க டைல்ல அஞ்சு, அடியில கோடு இல்லாம காலியா இருக்குதே. வேல முடியாம கொண்டாந்துட்டீங்களா?”

“மூணு சின்னவனுங்களுக்கு. ஒண்ணும் கெடயாதாம். கேக்காதீங்க, வயித்தெரிச்சல்,” என்றார் கஸ்தூரி அக்கா.

“மீதி ரெண்டு?”

“அது பொண்ணுங்க.”

“சரி சரி,” என்று உள்ளே அடுக்கினார்.

4.20. திரும்பும் பேருந்தில் பட்டியலைப் பிரித்தேன். ‘மகள்கள்’ என்ற வரியில் என் குறி நடுங்காமல் விழுந்திருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களின் விசித்திரம் என்று மதியத்திலிருந்து நாங்கள் பேசியதில் எவ்வளவு அவர்களுடையது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டு மாடியில் அப்பா கட்டிவரும் பகுதிக்கு ‘தம்பி வீடு’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.