தெற்கே போக மறுத்த படகு

மயிலாப்பூரில் டி.வி.யும் டேப்ரெக்கார்டரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த எனக்கு 1996 ஜனவரியில் ஒரு உல்லாசப் படகு வந்து வாய்த்தது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி அதைப் பழையதாக வாங்கித் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்தார். அவர் வீட்டு ஸ்டீரியோவைச் சரிசெய்தவன் என்ற ஒரே தகுதியில் ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் கருவி, ரேடியோ, தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் எல்லாவற்றையும் பொருத்தும் வேலை என்னிடம் வந்தது. படகு ஒன்றில் நான் அதுவரை ஏறியதுகூட இல்லை.

ஆறு வாரம் பிடித்தது. ஒயர்களை இழுக்க, குப்புறப் படுத்துத் தரைப்பலகைக்கு அடியில் கையை விட வேண்டும். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் எண்ணும் தேதியும் எழுதிய அட்டை கட்டினேன். அண்ணாச்சி கடையில் புடவைகளில் தொங்கும் அதே அட்டை. ஆட்டோபைலட்டுக்குத் திசை சொல்லும் திசைகாட்டி, டம்ளர் அளவில் ஒரு பெட்டி. அதற்கு இரும்பும் காந்தமும் ஆகாது. அதனால் ஸ்டீரியோ ஸ்பீக்கர்களைப் பின்னறைக்கு மாற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையின் அடியில் அதைப் பொருத்தினேன். வியாழக்கிழமை சோதித்தபோது வடக்கு வடக்காகவே இருந்தது.

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். படகை ஓட்டியவர் ஊரூர் குப்பத்துக்காரர். இருபது வருடம் கட்டுமரத்தில் போனவர். துறைமுகத்தைத் தாண்டியதும் தெற்கே போகும்படி ஆட்டோபைலட்டில் வைத்தேன். படகு நிதானமாக வலப்பக்கம் திரும்பிக் கரையைப் பார்த்துப் போகத் தொடங்கியது.

"இன்னா சார் இது?" என்றார் ஓட்டுநர். "மிஷின் சொல்றாப்புல போனா மெரினாவுல எறங்கி சுண்டல் துன்னுட்டு வரலாம்."

மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் கரை.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள இது சரியாவலன்னா பம்பாய் மெக்கானிக்குக்குப் போன் போட்டுருவேன் சார். அவன் வந்தாம்னா உம்ம ஒயர் அம்புட்டையும் உருவிப் போட்டுட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பான்."

கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பலகைக்கு அடியில் புகுந்தேன். இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. அட்டைகளில் ஒன்றுகூட மாறவில்லை. என் காந்த ஸ்க்ரூடிரைவரைச் சந்தேகப்பட்டு அதைப் பின்னறைக்கு அனுப்பினேன். பயனில்லை. கடைசியில் அன்றாட வேலையைக் குறித்துவைக்கும் என் நோட்டைப் புரட்டினேன். வியாழன்: திசைகாட்டி சரி. வெள்ளி: வேலை இல்லை, படகில் பூஜை, கொழுக்கட்டை மூன்று.

பலகைக்கு அடியிலிருந்து வெளியே வந்து தலையைத் தூக்கினேன். திசைகாட்டிக்கு நேர் மேலே, பலகையின் மறுபுறம், பித்தளைப் பிள்ளையார். அடியில் காந்தம் வைத்த, கார்களில் ஒட்டும் பிள்ளையார்தான், கொஞ்சம் பெரியவர். ஃபைபர் பலகையில் காந்தம் ஒட்டாது என்று ஒரு இரும்புத் தகட்டைப் பசைபோட்டு ஒட்டி அதன்மேல் அமர்த்தியிருந்தார்கள். முந்தின நாள் அவருக்குக் குங்குமம் வைத்ததே நான்தான்.

"அண்ணாச்சி," என்றேன். "பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்."

"தேங்கா ஒடச்சு வச்ச பிள்ளையாரையா? உம்ம தப்புக்கு அவரைக் குத்தம் சொல்லுதீராக்கும்?"

"அவர் மேல குத்தமில்ல. அவர் உக்காந்திருக்கிற காந்தம்தான் இழுக்குது."

அண்ணாச்சி என்னையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது ஓட்டுநர் கரையைக் காட்டினார். "அதான் மொதலாளி. அந்தாண்ட பாரு, மயிலாப்பூரு. அவங்கப்பன் கோயிலுக்குப் போவணும்னு இஸ்துகினு கீறாரு."

அண்ணாச்சியின் தொந்தி குலுங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையாரை இரண்டு கையாலும் தகட்டோடு பெயர்த்தெடுத்தார். "அப்பாவ அப்புறமா பாத்துக்கிடலாம், வாரும்," என்று அவரிடமே சொல்லி, படகின் முன்மூக்கில் கொண்டுபோய் வைத்தார்.

மறுபடி தெற்கே வைத்தேன். சுக்கான் தானாக அசைந்தது, படகு நேரானது. கலங்கரை விளக்கம் வலப்பக்கமாகக் கடந்தது, பிறகு சாந்தோம் கோபுரம், பிறகு அடையாற்று முகத்துவாரம். ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை. பெசன்ட் நகர் தெரிந்ததும் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பம்பாய்க்காரன் கெடக்கான்," என்றார். "உம்ம ஒயரு அங்ஙனயே இருக்கட்டும்."