ஏழு ஃபேன் பாக்ஸ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கையில் புதுக் கருவி ஒன்று கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் தடவை கிடைத்தது ஒரு கண்ணாடி. அதை மாட்டினால் வீட்டின் வரைபடம் கட்டடத்தின் மேலேயே வந்து நிற்கும். வேலை சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. முதலில் வாசல் நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும், அதை வைத்துத்தான் அது இடத்தைக் கணக்குப் பண்ணும். கண்ணாடி வந்த நாளிலிருந்து திண்டுக்கல்லின் மற்ற என்ஜினீயர்களை நான் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நத்தம் சாலையில் ஒரு வீடு. மறுநாள் காலை மேல்தளத்துக்குக் காங்கிரீட். வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. வாசலில் ஸ்டிக்கரைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவரோடு தளத்தில் ஏறி அதன் வழியே பார்த்தேன். மின்விசிறி தொங்கவிடுவதற்காகக் கம்பிகளுக்கு நடுவே எலக்ட்ரீசியன் கட்டிவைத்திருந்த ஏழு ஃபேன் பாக்ஸும் சிவப்பு.

"எல்லாமே நாலு இஞ்சு தப்பு" என்றேன், பக்கத்து மனைக்கும் கேட்கும்படி.

எலக்ட்ரீசியன் என்னைவிடப் பத்து வயது இளையவர். "நூல் பிடிச்சுத்தான் சார் வச்சேன்" என்றார். நான் கண்ணாடியைத் தட்டிக் காட்டினேன். அவர் குனிந்து, பாக்ஸைப் பிடித்திருந்த கட்டுக்கம்பியை அறுக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, பாக்கி வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கலாமுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அது எலக்ட்ரீசியன் காதிலும் விழுந்தது. நான் பெருந்தன்மையாக, "பார்க்கலாம்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஏழும் பச்சையாகிவிட்டன. அந்தப் பெருமையில் கண்ணாடியைக் கழற்றாமலே கீழே இறங்கினேன். ஹால் சுவர் சிவப்பு. அடுப்படி சிவப்பு. நான் இறங்கிவந்த படிக்கட்டும் சிவப்பு. வீடே தப்பு என்று காட்டினால் கோளாறு வீட்டில் இல்லை என்பது எனக்கே புரிந்தது.

நிலை வைத்த அன்று, வாஸ்துப்படி வாசல் சுவரின் நடுமத்தியில் வரக் கூடாது என்று கொத்தனார் நிலையை நான்கு அங்குலம் வலப்பக்கம் தள்ளிவைத்தார். தலையாட்டியவன் நான். சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை வாங்கித் தின்றவன் நான். பிறகு அதே நிலையில் ஸ்டிக்கரை ஒட்டியவனும் நான்தான். வரைபடத்தில் நிலையை மாற்ற மட்டும் மறந்துவிட்டேன்; அதனால் கண்ணாடியில் மொத்த வரைபடமும் நான்கு அங்குலம் தள்ளி நின்றது.

எலக்ட்ரீசியனைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முழுதும் கேட்டுவிட்டு, "தப்புன்னு வீட்டுக்காரரு முன்னாடிதான சார் சொன்னீங்க?" என்றார்.

விடிந்ததும் வீட்டுக்காரரைத் தளத்துக்கு வரவழைத்தேன். கம்பி கட்டுகிறவர்களும் நின்றார்கள். "அவரு வச்சதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன். நேற்றைய சத்தம் வரவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன்.

காங்கிரீட் கலவை வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எலக்ட்ரீசியன் பழைய இடத்துக்கே மாற்ற முதல் பாக்ஸை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"செத்த நேரம் அந்தக் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, நூலோட அந்த முனையப் பிடிங்க சார்."

பிடித்தேன். ஏழாவது பாக்ஸ் முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.