கட்டம் உட்கார்ந்த முகம்

அவருக்கு 'நகருங்க' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. கல்யாண மேடையில் கேமராவுக்குக் குறுக்கே முதுகைக் காட்டி நிற்கிற பெரிய மனிதர்களைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க" என்று கத்திக் கத்தியே அது ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பாவே வந்து நின்றாலும் விடமாட்டார். "படம் சரியில்லன்னா நாளைக்கு என்னைத்தானே திட்டுவீங்க?" என்பார். நியாயமான பேச்சுதான். கல்யாணத்தன்று வீடியோக்காரனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காட்சி விட்டுப்போனால் மட்டும் அத்தனை பேரும் அவன் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

அவர் மனைவியும் வீட்டில் சும்மா இருக்கிற ரகம் இல்லை. லைட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாள். மணப்பெண் தயாராகிற அறைக்குள் அவர் போக முடியாது. அவள்தான் போய் எடுத்து வருவாள். கேமராவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவளுக்கும் அத்துபடி.

அவளுக்குத்தான் தாடையில் புற்று வந்தது. இடது தாடையை எடுத்துவிட்டு, தொடைத் தோலை வெட்டிக் கன்னத்தில் ஒட்டினார்கள். உயிர் பிழைத்தாள், முகம் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, ஐந்து வயதுப் பாப்பா கதவருகில் அவளைப் பார்த்து வீறிட்டது. "அம்மாடி, நான்தான்டி" என்று அவள் கையை நீட்ட, அது பெரியம்மாவின் புடவைக்குள் போய்ப் புதைந்துகொண்டது. அப்புறம் அடுத்த தெருவில் பெரியம்மா வீட்டிலேயே வளர்ந்தது. கூட்டி வந்தால் தலையே தூக்காது. குழந்தையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எவனும் கொடுக்க முடியாது.

நோய் திரும்பி வந்தது. இந்த முறை டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்:

"என்னங்க, என்னை வீடியோ எடுங்க. பாப்பாகிட்ட நான் பேசணும். நேர்ல பேசத்தான் குடுத்து வைக்கல."

"எடுத்துடலாம்."

"ஆனா நான் எப்படித் தெரியறேன்னு எனக்குத் தெரியணும். ஸ்க்ரீனை என் பக்கம் வைங்க."

அறுவைக்குப் பிறகு வீட்டுக் கண்ணாடியைக்கூடத் துணி போட்டு மூடி வைத்தவள் அவள். 

தன் மிரர்லெஸ் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினார். உள்ளேயே பதிவு செய்தால் அரை மணியில் சூடேறி அணைந்துவிடும். அவளோ ஒரு வாக்கியம் பேசி, வாயோரம் துடைத்து, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பேசுகிறவள். அதனால் ரெக்கார்டரைத் தனியாக இணைத்தார். கேமரா பார்ப்பதைக் கேபிள் வழியாக வாங்கி மணிக்கணக்கில் பதிந்துகொண்டே இருக்கும். பெரிய திரையும் உண்டு. அந்தத் திரையை அவளைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

இரண்டு தப்பு செய்தார். கேமரா திரையில் தெரிகிற கட்டம், எழுத்து மாதிரியான குறிகள் ரெக்கார்டருக்குப் போகாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அவர் எப்போதும் நிறுத்தித்தான் வைத்திருப்பார். ஆனால் கேமரா சர்வீசுக்குப் போய் வந்ததில் எல்லா செட்டிங்கும் புதிதாக வாங்கியபோது இருந்தபடி மாறியிருந்தது. அதைப் பார்க்கத் தவறினார். இரண்டாவது, வெறும் சுவர் கண்ணுக்கு அழகாக இருக்காது என்று அவள் தலைக்குப் பின்னால் அவர்களுடைய கல்யாணப் போட்டோவை மாட்டினார். அந்தத் தொழில் புத்தியை என்னவென்று சொல்ல!

"பேசு" என்றார்.

"பாப்பா..." என்று தொடங்கி நிறுத்தினாள். வியூஃபைண்டரில் கண் வைத்திருந்தவருக்கு ஒன்று தெரிந்தது. ஆள் முகத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும் வெள்ளைக் கட்டம் அவள் முகத்தில் உட்காரவில்லை. இப்படியும் அப்படியும் அலைந்து, பின்னால் சுவரில் இருந்த போட்டோவில், கல்யாணக் கோலத்தில் சிரிக்கிற அவள் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்தார் மனிதர்.

"கட்டம் ஏன் அங்க போகுது?" என்றாள்.

 "அது... லைட் பாக்குது. வேற ஒன்னும் இல்ல."

"எனக்கே கதையா? எத்தனை கல்யாணத்துக்கு உங்க கூட வந்திருக்கேன்."

அவர் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அது மிஷின். அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்று அவளே அவருக்குச் சமாதானம் சொன்னாள். "படத்தைக் கழட்டுங்க. ஃபோகஸ் கையால பண்ணுங்க. ஸ்க்ரீனையும் அந்தப் பக்கம் திருப்பிடுங்க. பாத்தது போதும்."

போட்டோவைக் கழற்றும்போதே அழுதார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவள் பார்த்தாளா என்று தெரியாது. பிறகு லென்ஸ் வளையத்தில் விரலை வைத்து, ஒரு மயிரிழை பிசகாமல் அந்த முகத்தைப் பிடித்தார். அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. முகம் தெளிவாக விழ வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

அந்த மாதத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். ரெக்கார்டரை எடுத்து அதை முழுசாகப் போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. போட்டோ இருந்த முதல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைத் தொடாமல் வைத்திருந்தார். ஒருநாள் பாப்பாவே வந்து கேட்டது:

"அப்பா, அம்மா எனக்காகப் பேசினாங்களாமே. பெரியம்மா சொன்னாங்க."

டிவியில் இணைத்தார். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்திருந்தது. திரையில் அந்த முகம் வந்ததும் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, உடம்பு விறைத்துப்போயிற்று. நிறுத்திவிடலாம் என்று அவர் ரிமோட்டை எடுத்தபோது குரல் வந்தது. குழறிய குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்துப் பேசியிருந்தாள்.

"பாப்பா, அம்மாதான். பயமா இருக்கா கண்ணு? பயமா இருந்தா கண்ண மூடிக்கோ. அம்மா கோச்சுக்க மாட்டேன். பாக்காட்டி என்ன, கேளு."

பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவள் பேசினாள். பல் விழுந்தால் பயப்படாதே என்றாள். பெரியம்மாவை எதிர்த்துப் பேசாதே என்றாள். அப்பா முன்கோபிதான், ஆனால் அரை மணியில் வந்து கொஞ்சுவார், அதுவரை பொறுத்துக்கொள் என்றாள். பாப்பாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தது. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சாப்பா?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"அம்மாவை இன்னொரு தடவ போடுங்க."

அவர் மறுபடியும் போட்டார். படம் வருவதற்கு முன்பே பாப்பா கண்ணை மூடிக்கொண்டது.