பூசை நாளில் முற்றிய புகையிலை

“…மழை வந்தா வரட்டும் தம்பி. கத்தி இப்ப என்னுதும் இல்ல, உன்னுதும் இல்ல, சாமியோடது. நாளைக்குக் காலையில மறுபூசை முடிச்சு எடுத்துக் கொடுப்பேன். அதுவரைக்கும் அதுல எவன் கை வச்சாலும் நான் பார்த்துக்கிட்டு இருக்கமாட்டேன்” என்று சொன்னார் பெருமாள் மண்டோர். சொல்லிவிட்டு, குடிசை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பின்னால் சாமி படம். படத்துக்கு முன்னால் பலகை. பலகையில் எங்களுடைய மூன்று வெட்டுக்கத்தியும் இரண்டு மண்வெட்டியும் சந்தனம் குங்குமம் பூசி, செவ்வந்தி சாத்திக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தன. எனக்குப் பின்னால் நிலம் முழுக்க முற்றிய புகையிலை. அதற்கும் பின்னால், கடல் பக்கம், வானம் கரிச்சட்டியாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

புகையிலை பயிரிடுவது எப்படி என்று இளம்பிள்ளைகள் இன்றும் என்னைக் கேட்பதுண்டு. நாற்று விடுவது, நடுவது, புழுப் பொறுக்குவது எல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடலாம். கடைசிப் பத்து நாள் இருக்கிறதே, அதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் அந்த நிலத்துக்கு வந்த விதம்

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். எனக்காவது ஊர் என்று ஒன்று இருந்தது. என் மனைவி அஞ்சலை பிறந்ததே காப்பார் தோட்டத்து லயத்தில்தான். “அங்க எனக்கு யாரைத் தெரியும்? கப்பல்ல ஏத்துனா கடல்லயே இறங்கிக்கிறேன்” என்றாள். வேடிக்கையாகச் சொல்லுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை.

பெருமாளையும் அதே தோட்டத்தில்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் அங்கே எங்களை வேலை வாங்கிய மண்டோர். வேலை போன பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. திண்டுக்கல் பக்கத்து மனிதர், புகையிலை தெரிந்தவர். காப்பாருக்கு அப்பால் ஹமீது என்பவருடைய நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, எங்களையும் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். கிள்ளானில் ஒரு சுருட்டுக் கடைக்காரர், இலை நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் போகம் விலை போனால் அடுத்த போகம் போடலாம். போகாவிட்டால் கப்பல்தான்.

முதல் நாற்றைப் புழு தின்றது. மறுபடி விட்டு, மறுபடி நட்டோம். அதில்தான் நாள் தள்ளிப்போய், வெயில் காலத்தில் முற்றவேண்டிய இலை மழைக்காலத்தின் வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்தே எனக்குத் தலைவலி.

முற்றுவது என்றால் என்ன

செடி பூக்க வரும்போது தலையைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் சத்தெல்லாம் இலைக்கு இறங்கும். ஆனால் செடி சும்மா இருக்காது. இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் பக்கக் கொழுந்து தள்ளும். அதையும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலை அஞ்சலையுடையது. மாதக்கணக்கில் ஒடித்து ஒடித்து அவள் விரல்களில் கறுப்பாகப் பசை ஏறிவிட்டது. சோறு பிசைந்தால் சோறு கசக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அந்தப் பசைதான் புகையிலையின் உயிர். காரமும் மணமும் அதில்தான். முற்றின இலை தடித்து, மேலே கொப்புளம் கொப்புளமாக மேடுதட்டி, பச்சையில் மஞ்சள் தேமல் விழுந்து, நுனி கீழே வளையும். தொட்டால் விரல் ஒட்டும். மடித்தால் அப்பளம் மாதிரி முறியும். அந்த நேரத்தில் மழை அடித்தால் பசை கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு சில நாள் நல்ல வெயில் காய்ந்தால்தான் பசை திரும்ப ஊறும். இடையில் இன்னொரு மழை வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் இலை மறுபடி பச்சைக்குத் திரும்பும், புள்ளி விழும், அடியிலிருந்து அழுகும்.

கடைக்காரரிடம் மாதிரி காட்டப் போனபோது அவர் இலையை மோந்துகூடப் பார்க்கவில்லை. பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மழை குடித்த இலையைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன், அதை வாழைச்சருகு என்று பாசார்ச் சந்தையில் விற்றுக்கொள் என்றார்.

மேகமும் பஞ்சாங்கமும்

நான் சீக்கிரம் வெட்டிவிடலாம் என்றேன். அரைப் பழுப்பாக இருந்தாலும் இலை காயப்போடும் கொட்டகைக்குள் போய்விட்டால் நம்முடையது. மண்டோர் கேட்கவில்லை.

“ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?” என்றார்.

நான் விடுவேனா? “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுன்னும் சொல்லியிருக்கு” என்றேன். அவர், பதறாத காரியம் சிதறாது என்றார். நான் இன்னொன்று சொன்னேன். அவரிடம் பழமொழிக்குப் பஞ்சம் கிடையாது. எனக்கும் அதில் ஆசை உண்டு என்பதால் பதில் சொல்லாமல் இருக்க வராது. கஞ்சி கொண்டுவந்த அஞ்சலை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு பேரும் பழமொழியைக் கயித்துல கட்டிக் காயப்போடுங்க. கிள்ளான் கடைக்காரரு அதை வாங்கிக்குவாரு” என்றாள்.

மறுநாளே மழை கொட்டியது. பசை போயிற்று. திண்டுக்கல்லில் இந்த மாதத்தில் இப்படிப் பெய்யாது என்று மண்டோர் வானத்தைக் கோபித்துக்கொண்டார். காப்பார் மேகத்துக்குத் திண்டுக்கல் எங்கே தெரியப்போகிறது என்று நான் முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது. அந்த வேளைக் கஞ்சியை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார்.

பிறகு தெய்வாதீனமாக வெயில் காய்ந்தது. நானும் அவரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு வரிசையாகப் போய்த் தினமும் இலையைத் தொட்டுப் பார்த்தோம். ஒருநாள் காலையில் என் விரல் ஒட்டியது. அவர் விரலும் ஒட்டியிருக்க வேண்டும். வரிசையின் அந்தக் கோடியில் இலையை மோந்துகொண்டு சிரித்தபடி நின்றார். இன்றைக்கு வெட்டு என்று நினைத்து நான் கத்தி எடுக்கக் குடிசைக்கு ஓடினேன்.

அன்றைக்கு ஆயுத பூசை. விடியலிலேயே எழுந்து கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டிருந்தார் மனுஷர்.

அன்று மத்தியானம்

மண்டோருடைய முறை, செடியை அடியோடு வெட்டி, வாட்டி, தலைகீழாகக் கொட்டகையில் தொங்கவிடுவது. அதற்குக் கத்தி வேண்டும். காலை முழுக்கக் கெஞ்சினேன். பூசை வைத்த ஆயுதத்தை அன்றைக்கே எடுத்தால் அடுத்த வருஷம் தொழில் இருக்காது என்றார். இந்த இலை போனால் இந்த வருஷமே தொழில் இல்லையே என்றேன். அது வேறு, இது வேறு என்றார். எது வேறு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

பக்கத்துக் கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, ஓடி ஹமீதிடம் பாராங்கத்தி ஒன்று இரவல் வாங்கிவந்தேன். இது பூசையில் இல்லாத கத்தி, இதற்கு என்ன சொல்கிறீர் என்று நீட்டினேன்.

“யாரு கத்தியா இருந்தா என்ன? இன்னிக்குக் கத்தின்னா கத்திதான்” என்றார். என் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, பலகையில் நாலாவதாகப் படுக்கவைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நேரத்தில்தான் கடல் பக்கம் கறுத்தது. நான் சத்தம் போட, அவரும் போட, நான் முதலில் எழுதினேனே அந்தப் பேச்சைப் பேசிவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

அஞ்சலை கூடையைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, கத்தியைச் சாமியே வச்சுக்கட்டும். இலையைக் கையால ஒடிச்சா வராதா? இத்தனை நாளா பக்கக் கொழுந்தை எதால ஒடிச்சேன்?”

“செடியோட வெட்டித்தாம்மா பழக்கம்.”

“இன்னிக்கு ஒருநாள் பழக்கம் இல்லாம செய்வோம்.”

மண்டோர் யோசித்தார். யோசித்துவிட்டு, “கையும் ஆயுதந்தான்மா” என்றார்.

அஞ்சலை இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். பசை ஏறிக் கறுத்த கை. “ஆயுதமா இருந்தா காலையிலயே இதுக்கும் சந்தனம் வச்சிருப்பீங்க. வைக்கல. நான் போறேன்” என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டாள்.

நானும் பின்னாலேயே ஓடினேன். காம்பின் அடியில் பெருவிரலை வைத்துக் கீழே அழுத்தினால் டக்கென்று வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை சுலபமா? நானும் மண்டோரும் கத்தியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் கையை மறந்துபோனோம்.

சுலபம் என்று சொன்னேனே, அதில் ஒரு சங்கடமும் உண்டு. அதை இளம்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். செடியோடு தொங்கினால் இலைகள் தானாக விலகி நிற்கும். ஒடித்த இலையைச் சணலில் கோக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல் முதுகுக்கு முதுகு வைத்துக் கோக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒட்டின இலை பூசணம் பிடிக்கும். நாங்கள் அவசரத்தில் நெருக்கிக் கோத்தோம். கொட்டகையில் தேங்காய்மட்டை போட்டு லேசாகப் புகை காட்டியும், ஓரத்துச் சரங்கள் வெள்ளை பூத்து வீணாயின. மிச்சத்தைக் கிள்ளான் கடைக்காரர் பெருவிரலால் தேய்த்துப் பார்த்து, உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார். அடுத்த போகத்துக்கு நாற்று விட்டோம். அஞ்சலை கப்பலில் கால் வைக்கவில்லை. கடைசிவரை வைக்கவும் இல்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இலை முற்றுகிற நாளை மட்டும் குறித்து வைத்தால் போதாது. கூட வேலை செய்கிறவர் எந்தெந்த நாளில் கத்தியைத் தொடமாட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்டுவைக்க வேண்டும். வானத்தோடு சண்டை போட முடியாது. மண்டோரோடு போடலாம், ஆனால் அதற்குள் மழை வந்துவிடும்.

அன்றைக்கு நாங்கள் இரண்டாவது வரிசைக்குப் போனபோது காற்று குளிர்ந்து வீசத் தொடங்கியது. இரண்டு பேர் ஒடித்து முடிகிற நிலமில்லை அது. நான் திரும்பிக் குடிசையைப் பார்த்தேன். மண்டோர் வாசலில் இல்லை. உள்ளே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. கோபத்தில் மறுபடி பூசையில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன்.

அவர் ஒரு வாழையிலைத் துண்டில் பொரியும் கடலையும் பழமும் வைத்துச் சாமிக்குப் படைத்திருந்தார். கோயிலில் நைவேத்தியத்தின்போது திரை போடுவார்கள் அல்லவா, சாமி சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று? அப்படி, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படத்துக்கும் கத்திகளுக்கும் முன்னால் குறுக்கே கொடியில் தொங்கவிட்டார். ஓரம் விலகியிருந்ததை இழுத்துச் சரிசெய்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக்காட்டிவிட்டு, அடிமேல் அடிவைத்து வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் குனிந்து ஒடிக்க ஆரம்பித்தார்.