கோல்கீப்பர் முகமூடிக்குள் அருள்முருகன்

தோஹாவில், நஜ்மா என்ற பகுதியில் ஏழு பேர் தங்கும் ரூமில் அருள்முருகனுக்கு ஜன்னலோரக் கட்டில். கமுதிப் பக்கத்துக்காரர். மேடையும் பந்தலும் போடும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. ஆட்கள் வருவதற்கு முன்னால் போய் இரும்பை முடுக்குவார், அவர்கள் போன பிறகு கழற்றுவார். நடுவில் என்ன நடக்கிறதென்று பார்க்க ஒருநாளும் நின்றதில்லை. லாரி நிழலில் கண்ணயர்ந்துவிடுவார்.

அந்த ஜனவரியில் கம்பெனியே நடத்திய ஒரு காட்சிக்கு மெக்சிகோவிலிருந்து முகமூடி மல்யுத்தக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு விளையாட்டு வேஷம். ஒருவர் பேஸ்பால் மட்டையோடு வருவார், இன்னொருவர் டென்னிஸ் பந்துகளைக் கூட்டத்துக்குள் அடிப்பார். கோல்கீப்பர் வேஷக்காரரின் முகமூடி கால்பந்து மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்தது. பிள்ளைகளுக்கு அவர்மேல்தான் ஆசை. அவருக்கு மூன்றாம் நாளே முட்டி பிசகிவிட்டது.

சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர், அருள்முருகனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதே உசரம், அதே தொப்பை. முகமூடிக்குள்ள யாரு இருந்தா என்னப்பா? விழுந்தாப் போதும். வாய மட்டும் தொறந்துடாத. மெக்சிகோக்காரன் தமிழ் பேசுனா டிக்கெட் வாங்குனவன் சும்மா இருப்பானா?"

மாட்டேன் என்று சொல்லவும் தெம்பில்லாமல் சரி என்றார்.

பேஸ்பால்காரருக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையை அறைந்தபடி விழ வேண்டும் என்று சைகையில் காட்டினார். காட்டி முடித்ததும் அவரே ரிங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

தினம் இரண்டு ஆட்டம். நடுவர் சிவப்பு அட்டை காட்டுவார், பிள்ளைகள் கத்தும், மட்டை சுழலும், அருள்முருகன் விழுவார். அப்புறம் போட்டோ எடுக்க வரிசை. மூச்சு வாங்கிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தி நிற்பார். முகமூடிக்குள் வியர்வை வழிந்து கண் எரியும்.

வேஷம் போட்ட பத்தாம் நாள் சண்டையில் சட்டைக் கை கிழிந்துபோனது. அப்படியே போட்டோவுக்கு வந்து நின்றார். ஒரு சிறுமி அவர் கையை உற்றுப் பார்த்தாள்.

"மம்மி, தமிழ் லெட்டர்ஸ்!"

முழங்கைக்கு மேல் 'ஜோதிமணி' என்று பச்சை குத்தியிருந்தது, அவர் மனைவியின் பெயர். சிறுமியின் அம்மா அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நம்ம ஊரா? அடி ரொம்பப் பட்டுருச்சா?"

பத்து நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டடி தள்ளி கலீலுர் ரஹ்மான் நின்றிருந்தார். அருள்முருகன் இல்லையென்று தலையாட்டினார். எந்தக் கேள்விக்கு இல்லை என்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"உடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையோடு நகர்ந்தாள்.

அடுத்த ஊர் குவைத். கோல்கீப்பர் மெக்சிகோவுக்கே திரும்பிவிட்டார்.

"நீயே வாப்பா. இரும்பு தூக்கற வேலை கிடையாது, வேஷம் மட்டும்தான்" என்றார் கலீலுர் ரஹ்மான்.

"வேணாம் பாய். விழறதுகூடப் பழகிப்போச்சு. ஒருத்தங்க அக்கறையாக் கேக்கறப்ப ஊமையா நிக்க முடியல."

கலீலுர் ரஹ்மான் முகமூடியை வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு, "கலாஸ், முடிஞ்சுது, விடு. போய்க் கழட்டற வேலையப் பாரு" என்றார்.

அருள்முருகன் ஸ்பேனரோடு ரிங்குக்கு அடியில் புகுந்தார். முதுகு வளையவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடியே ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்ற ஆரம்பித்தார்.